சாக்கடைக்கும் கல்வெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

தலைப்பைப் பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிராதீங்க. இது வரலாற்றுப் பதிவுதான் :-)

பழைய கட்டடம் அழியுதுன்னா நமக்கெல்லாம் உடனே ஞாபகம் வர்றது புல்டோசர். ஆனா வடகரை, தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து ஆளுங்களைக் கேட்டா வேற பதில் வரும்: தண்ணி. எங்களுக்குத் தென்மேற்குச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. குற்றாலம் சித்திரசபை மாதிரி மரவேலைப்பாடும் சுவரோவியமும் உள்ள இடத்துக்கு ஈரத்தை விடப் பெரிய எதிரி கிடையாது. மேலே விழுற மழைக்குக் கூரை இருக்கு, அங்கே செப்புத் தகடே போட்டிருக்கு. கீழே தேங்குற தண்ணிக்கு? அதுக்கு வாறுகால்தான் கதி. அந்த வாறுகாலை யார் மேற்பார்வை பாக்குறது? கேள்வி ரொம்பப் பழசு.

உத்திரமேரூர் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிட்டோம். தேர்தலைப் பத்திப் பேசுற அளவுக்கு, தேர்ந்தெடுத்த ஆளுங்க என்ன வேலை பாத்தாங்கன்னு நாம பேசுறதில்லை. அதுல ஏரி வாரியம்னு ஒண்ணு. 6 பேர், 360 நாள் பதவி. ஊரோட நீர்நிலையைக் கவனிக்கிறது இவங்க பொறுப்பு. கணக்குக் காட்டாம நழுவுனவரும் அவரோட நெருங்கிய சொந்தக்காரங்களும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. எல்லாருக்கும் இடம் இருந்த சபை இல்லைங்கிறதையும் சொல்லணும். சொந்த மனையில வீடு, வரி கட்டுற நிலம், வேதப் படிப்புன்னு ஏகப்பட்ட நிபந்தனை. ஆனா ஒரு விஷயம் தெளிவு: தண்ணி வேலைக்குப் பேர் சொல்லிக் கேக்குற மாதிரி உள்ளூர்லயே ஆள் இருந்தாங்க.

இப்ப நம்ம தென்காசிக்கு வருவோம். 15-ஆம் நூற்றாண்டுல காசி விசுவநாதர் கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு பாட்டைக் கல்லுல வெட்டி வச்சிருக்கார். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை நான் பணிகிறேன் என்பது அதன் சாரம். பொதுவா ராஜாக்கள் கல்வெட்டுல சாபம்தான் விடுவாங்க. தர்மத்தை அழிச்சவன் கங்கைக்கரையில காராம்பசுவைக் கொன்ன பாவத்துல போவான்னு. இவர் பயமுறுத்தல, கும்பிடுறார். தான் கட்டுனது ஒருநாள் பழுதாகும்னு ஒத்துக்கிட்டு, பழுது பாக்குற ஆளைத் தனக்கு மேலே வைக்கிறார். அவர் பயந்த மாதிரியே நடந்தது. ராஜகோபுரம் பாழாகி ரொம்ப காலம் மொட்டையா நின்னு, 1990-லதான் திரும்ப முழுசா எழுந்து குடமுழுக்குக் கண்டது.

சரி, இன்னைக்கு யார் பாக்குறா? மத்திய அரசின் பாதுகாப்புல உள்ள சின்னங்களுக்கு 1958-ஆம் வருஷச் சட்டம். 1992 அறிவிக்கையும் 2010 திருத்தமும் சேர்ந்து, சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் வரைக்கும் புதுக் கட்டுமானம் தடை, அதுக்கு மேலே 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும்னு ஆக்கிருச்சு. மேற்பார்வைக்கு தேசிய நினைவுச்சின்ன ஆணையமும் வந்தது. இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு வரி இருக்கு. 'கட்டுமானம்'னா என்னன்னு சொல்ற இடத்துல, வடிகால் அமைக்கிறது, பராமரிக்கிறது, சுத்தம் பண்றது எல்லாம் கட்டுமானக் கணக்குல வராதுன்னு 2010 திருத்தமே விலக்கு கொடுக்குது. குடிநீர் வேலைக்கும் கரண்டு வேலைக்கும் அப்படியே.

நியாயமான விலக்குதான். கோட்டைக்குப் பக்கத்துல வீடு இருக்குங்கிறதுக்காக ஒருத்தர் வீட்டு வாசல்ல சாக்கடை அடைச்சுக் கிடக்கணுமா என்ன? டெல்லியில இருந்து அனுமதி வர்றதுக்குள்ள ரெண்டு மழைக்காலம் போயிரும். ஆனா விளைவைப் பாருங்க. சுவரை ஒட்டி ஒரு அறை கட்ட ஆயிரம் கேள்வி. அதே சுவர் ஓரமா வாறுகாலைத் தோண்டி, அதோட மட்டத்தை மாத்துனா, பழங்கட்டடம் தெரிஞ்ச ஒருத்தர் பாத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ரோடு மேலே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உசந்துருது. வாறுகாலும் புது ரோடு மட்டத்துக்கு உசருது. கோயில் பிரகாரம் பள்ளமாகுது. தண்ணி வெளியே போறதுக்குப் பதிலா உள்ளே வருது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல தலைமைச் செயலரே உத்தரவு போட வேண்டி வந்தது.

மனை, கட்டடம் பக்கம் கதை வேற. சென்னை அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல எல்.ஐ.சி. இடிக்க ஆரம்பிச்சப்போ, இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய் நிறுத்துச்சு. 2010 தீர்ப்புக்கு அப்புறம்தான் சி.எம்.டி.ஏ.வுல பாரம்பரியப் பாதுகாப்புக் குழு உருவாச்சு. மாநிலம் முழுசுக்கும் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல வந்தது. 2021-ல உயர் நீதிமன்றம் 75 உத்தரவுகளோட ஒரு பெரிய தீர்ப்பைக் கொடுத்து ஆணையம் எங்கேன்னு கேட்டது. சட்டம் நடைமுறைக்கு வர 2024 ஆயிருச்சு. பன்னெண்டு வருஷம்... குறிஞ்சிப் பூவே பூத்திருக்கும்!

ஆணையம் நல்லது, வரட்டும். ஆனா சென்னையில இருக்குற ஆணையம் வடகரைப் பேரூராட்சியில ஒரு தெருவு வாறுகால் எத்தனை அங்குலம் உசருதுன்னு பாக்குமா? முடியாது. அதைப் பாக்க முடிஞ்சவங்க கவுன்சிலர், ஒப்பந்தக்காரர், அந்தத் தெருவுல குடியிருக்கிறவங்க. இவங்க கையில இருக்க வேண்டியது ஒரே ஒரு கணக்கு: பக்கத்துல உள்ள பழைய கோயில், பள்ளிவாசல், சாவடியோட தரைமட்டத்தை விட வாறுகால் தாழ்வா இருக்கா? வேலை ஆரம்பிக்கும் முன்னாடி அளந்து, எழுதி, ஒருத்தர் கையெழுத்துப் போடணும். நிபுணர் வேணாம், மட்டக்குழாய் போதும். கொத்தனார் கையில இருக்குறதுதான்.

ஏரி வாரியத்துல 6 பேர் இருந்தாங்க. நமக்கு ஒரு கையெழுத்து போதும்ங்கிறேன். அப்படி ஒருத்தர் கிடைச்சா, அவரைக் கும்பிட ஒரு பாண்டியன் ஐந்நூறு வருஷத்துக்கும் மேலா கல்லுல காத்துக்கிட்டு இருக்கார்.

உங்க ஊர்ல வாறுகாலும் பழைய கட்டடமும் எப்படிக் கிடக்கு? சொல்லிட்டுப் போங்க மக்களே.