பேனா, தொடுதிரை டேப்லெட் கணினி

திரையின் மேலேயே பேனாவால் எழுதியும் விரலால் தொட்டும் இயக்கப்படும் கையடக்கக் கணினி. விசைப்பலகை இதில் துணைக்கருவிதான். பல மாடல்களில் அது அறவே கிடையாது. ஐபேட், சர்ஃபேஸ், கேலக்ஸி டேப் என்று இன்று பரவியிருக்கும் இந்த வகை, தோற்ற காலத்திலிருந்தே ஒரு தவறான எதிர்பார்ப்பைச் சுமந்து வந்தது. எழுதிய கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றித் தருவதே இதன் வேலை என்று தயாரித்தவர்கள் நம்பினார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் எழுதியதை எழுதியபடியே விட்டுவைத்தார்கள்.

முன்னோடிகள்

1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் திரையில் வரைய வழி செய்தது. அடுத்த ஆண்டு வெளியான ராண்ட் டேப்லெட்டில் எழுதும் பலகை மேசையில் இருந்தது, கோடு தெரியும் திரை எதிரே இருந்தது. அதன் விலை ஏறத்தாழ 18,000 டாலர். ஆலன் கே 1972-இல் விவரித்த டைனாபுக், சிறுவர்களும் தூக்கிச் செல்லக்கூடிய கணினி. அது காகிதத்தைத் தாண்டவில்லை. விற்பனைக்கு வந்தவற்றில் 1989-இன் கிரிட்பேட் குறிப்பிடத்தக்கது. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ்தான் பின்னர் பாம் பைலட் என்ற கைக்கருவியையும் (1996) கொண்டுவந்தார்.

1993-இல் ஆப்பிள் வெளியிட்ட நியூட்டன் என்ற கைக்கருவி, எழுதிய சொல்லை வேறு சொல்லாகப் படித்துக் கேலிக்குள்ளானது. டூன்ஸ்பரி கேலிச்சித்திரத் தொடரே அதைக் கிண்டலடித்தது. பிற்கால மாடல்கள் நன்றாகவே படித்தன. ஆனால் கெட்ட பெயர் போகவில்லை, 1998-இல் தயாரிப்பு நின்றது. பாம் பைலட் தலைகீழான வழியில் போனது. மனிதர் எழுதுவதைக் கருவி கற்பதற்குப் பதில், கருவிக்குப் புரியும் 'கிராஃபிட்டி' எழுத்தை மனிதர் கற்க வேண்டும். மக்கள் முணுமுணுக்காமல் கற்றார்கள். பிழை எங்கே நேரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கருவியின் மேல் கோபம் வருவதில்லை போலும்.

2002: விண்டோஸ் டேப்லெட் பிசி

மைக்ரோசாஃப்ட் 2002 நவம்பர் 7 அன்று விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்பை வெளியிட்டது. தோஷிபா, ஏசர், ஃபுஜிட்சு, எச்பி, மோஷன் கம்ப்யூட்டிங் முதலிய நிறுவனங்கள் கருவிகளைத் தயாரித்தன. வெறும் பலகையாக இருந்தவை ஒரு வகை. நடுவில் ஒற்றைக் கீலில் திரையைச் சுழற்றி விசைப்பலகையின் மேல் மடித்துக்கொள்ளும் மடிக்கணினிகள் இன்னொரு வகை. எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை. ஒரு கையில் ஏந்தி நின்றுகொண்டே எழுதுவதாக விளம்பரங்கள் காட்டின. நடைமுறையில் பலரும் மடியிலோ மேசையிலோ வைத்தே எழுதினார்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். அதற்கு முன்பே பலகையின் அடிப்புறம் கைக்குச் சூடாகிவிடும்.

இவற்றில் பெரும்பாலானவை ஜப்பானின் வாக்கம் நிறுவனத்தின் மின்காந்த நுட்பத்தைப் பயன்படுத்தின. திரைக்குப் பின்னால் கம்பிகளாலான ஒரு வலைத்தகடு இருக்கும். அது அனுப்பும் அலையைப் பேனாவுக்குள் உள்ள சிறு கம்பிச்சுருள் வாங்கித் திருப்பி அனுப்பும். ஆகவே பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. நுனி திரையைத் தொடும் முன்பே, சில மில்லிமீட்டர் உயரத்திலேயே கணினி அதை உணர்ந்து ஒரு புள்ளியைக் காட்டும். ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொன்றின் கருவியிலும் எழுதியது. அடிக்கடி பேனாவைத் தொலைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. தொலையாமலிருக்கப் பேனாவைக் கயிற்றால் கருவியோடு கட்டியும் வைத்தார்கள்.

அந்த நுட்பத்துக்குக் குறைகளும் உண்டு. கண்ணாடியின் தடிமனால் பேனா நுனி ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் தெரியும். பார்க்கும் கோணம் மாறினால் இடைவெளியும் மாறும். திரையின் ஓரங்களில் குறி விலகிப்போகும். 'மூடு' பொத்தானையோ நகர்த்துபட்டையையோ ஓரத்தில் வைக்கும் விண்டோஸில் இது சிறு தொல்லையல்ல. அவ்வப்போது திரையில் தோன்றும் கூட்டல் குறிகளைத் தொட்டுத் தொட்டு அளவைச் சரிசெய்ய வேண்டும்.

எழுத்தும் மையும்

கையெழுத்தறிதல் உண்மையில் நன்றாகவே வேலை செய்தது, அகராதியில் உள்ள சொற்களுக்கு. மென்பொருள் எழுத்துகளைத் தனித்தனியே படிப்பதில்லை. முழுச் சொல்லை ஊகிக்கும். இணைய முகவரி, கடவுச்சொல், ஊர்ப்பெயர் என்று அகராதிக்கு வெளியே போனால் ஊகம் கவிழும். உள்நுழையும்போதே திரை விசைப்பலகையில் கடவுச்சொல்லைப் பேனாவால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவது அன்றாடச் சடங்கு. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும் 'கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்' வேலைக்கென்று பலகையின் விளிம்பில் தனியாக ஒரு பொத்தானே வைக்க வேண்டியிருந்தது. 2004-இல் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக் (மேம்பாட்டுத் தொகுப்பு), எழுத எழுத மாற்றத்தை அங்கேயே காட்டித் திருத்தவும் விட்டது. நிலைமை வெகுவாக மேம்பட்டது.

அதைவிடப் பெரிய திருப்பம் 2003-இல் மைக்ரோசாஃப்டின் குறிப்பேட்டுச் செயலியான ஒன்நோட்டோடு வந்தது. கையெழுத்து கையெழுத்தாகவே கிடக்கும். பின்னணியில் மென்பொருள் அதைப் படித்து வைத்துக்கொள்ளும். தேடும்போது மட்டும் அந்தப் படிப்பு பயன்படும். தவறாகப் படித்திருந்தாலும் யார் கண்ணிலும் படாது. வகுப்பில் சமன்பாடு எழுதும் மாணவர், படத்தில் அம்புக்குறி போடும் பொறியாளர், நோயாளியின் எதிரில் அமர்ந்து குறிப்பெடுக்கும் மருத்துவர் ஆகியோருக்கு இதுவே போதுமானதாக இருந்தது. நிமிர்ந்து நிற்கும் மடிக்கணினித் திரை எதிரில் இருப்பவரை மறைக்கும். மேசையில் படுத்திருக்கும் பலகை மறைக்காது.

தமிழ்

எக்ஸ்பி டேப்லெட் பதிப்பு படித்த மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் அதே தலைமுறைக் கருவிகள் தமிழ் ஆய்வுக்குப் பயன்பட்டன. எச்பி நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகம் தன் டேப்லெட்டுகளைக் கொடுத்து, பெங்களூரிலும் சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை பலரை எழுதவைத்துத் தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியது. இத்தரவைக் கொண்டு 2006-இல் கையெழுத்தறிதல் போட்டியும் நடந்தது. கொம்பு, கால் போன்ற குறிகளைத் தனியே பிரித்துவிட்டதால் 247 எழுத்துகளும் வடமொழி எழுத்துகளும் சேர்ந்து 156 வடிவங்களில் அடங்கின. 'கொ' எழுதும் கை கொம்பை முதலில் போடுகிறது, கணினியோ மெய்யை முதலில் சேமிக்கிறது. சொல் முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் திரும்பிவந்து புள்ளி வைப்பவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் மென்பொருள் ஒழுங்குபடுத்த வேண்டும். 2015-இல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டுச் செயலி தமிழையும் படித்தது.

விரலும் உள்ளங்கையும்

2007-இன் இறுதியில் வந்த டெல் லேட்டிட்யூட் எக்ஸ்டி, இஸ்ரேலின் என்-டிரிக் நுட்பத்தால் பேனாவையும் விரலையும் ஒரே திரையில் ஏற்றது. உடனே ஒரு புதுச் சிக்கல் முளைத்தது: எழுதும்போது திரையில் படியும் உள்ளங்கையும் கணினிக்குத் தொடுகைதான். பேனா அருகில் வந்ததும் தொடுதலை அணைத்துவிடுவது தீர்வு. ஆனால் கைதான் பெரும்பாலும் முதலில் திரையில் அமர்கிறது. யோசிப்பதற்காகப் பேனாவைச் சற்று உயர்த்தினாலும் பக்கம் நழுவி ஓடும். விண்டோஸின் பொத்தான்களும் சுட்டெலிக் குறிக்காக அளவெடுத்தவை, விரலுக்குச் சிறியவை. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் விரலருகே மிதக்கும் ஒரு சுட்டெலியின் படத்தைக் காட்டி, அதன் பொத்தான்களைத் தட்டச் சொன்னார்கள். இதைவிட வெளிப்படையான தோல்வி ஒப்புதல் இருக்க முடியாது.

2010 ஏப்ரலில் ஐபேட் வந்தபோது அதற்குப் பேனாவே கிடையாது. 680 கிராம் எடை, விரலுக்கேற்ற பெரிய பொத்தான்கள், முழுநாளும் தாங்கும் பேட்டரி. படிக்கவும் பார்க்கவும் அது மிகச் சிறந்தது. எழுத நினைத்தவர்கள் விரல் தடிமனுக்கு ரப்பர் முனை வைத்த குச்சிகளை வாங்கி அவதிப்பட்டார்கள். 2011-இல் சாம்சங் கேலக்ஸி நோட் வாக்கம் பேனாவைக் கைபேசிக்குள் செருகிக் கொடுத்தது. 2013-இன் சர்ஃபேஸ் புரோவில் பேனாவை ஒட்டிவைக்கும் இடமே சார்ஜ் ஏற்றும் துளை. சார்ஜ் ஏறும்போது பேனாவுக்கு இடமில்லை. 2015-இல் வெளியான ஆப்பிள் பென்சிலை சார்ஜ் ஏற்ற, ஐபேடின் அடியில் ஈட்டிபோல் நீட்டிச் செருக வேண்டும். 2018-இன் இரண்டாம் பதிப்பு காந்தத்தால் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்றிக்கொண்டது. இருந்தாலும் கண்ணாடியில் வழுக்கும் நுனி பலருக்கு ஒத்துவரவில்லை. சொரசொரப்பான உறையைத் திரையில் ஒட்டுகிறார்கள். அது நுனியைச் சீக்கிரம் தேய்த்துவிடுகிறது.

சேமிப்பு

கையெழுத்தைக் கையெழுத்தாகவே வைத்திருப்பதில் ஒரு ஆபத்து உண்டு: ஒவ்வொரு செயலியும் அதைத் தன் சொந்தக் கோப்பு வடிவத்தில் பூட்டிவைக்கிறது. 2002 முதல் விண்டோஸோடு வந்த 'ஜர்னல்' செயலியில் பலர் ஆண்டுக்கணக்கில் குறிப்புகளைச் சேர்த்திருந்தார்கள். அதன் கோப்பு வடிவத்தில் பாதுகாப்பு ஓட்டைகள் இருந்ததால், மைக்ரோசாஃப்ட் 2016-இல் அதை விண்டோஸிலிருந்து நீக்கியது. பழைய குறிப்புகளைத் திறக்க விரும்பியவர்கள் அச்செயலியைத் தனியே தரவிறக்கி நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று. நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய குறிப்பேடுகளைப் பிடிஎஃப் கோப்புகளாகவும் எடுத்துவைப்பது இதனாலேயே வழக்கமாகியிருக்கிறது.