முகம் காணாதோர்க்கு உரைத்தல்

திருத்தூதர் பவுல் உரோமையருக்குத் திருமடல் எழுதியபோது, அந்நகரை அவர் கண்டதில்லை. ஆயினும் அம்மடலின் 16ஆம் அதிகாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். எதிரே இல்லாதவரோடு பேசும் முறையை அன்றே அவர் காட்டிவிட்டார் எனலாம்.

மடல் சென்ற வழியில் பின்னாளில் குரலும் சென்றது. 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை 11ஆம் பயஸ் இலத்தீன் மொழியில் உலகிற்கு உரையாற்றினார். தமிழகத்தில் 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அந்நிலையத்தார் அறைக்குள் அமர்ந்து அறிவுரை கூறுவதோடு நின்றுவிடவில்லை. 1960களில் வயல்களுக்கே சென்று உழவரின் குரலைப் பதிவு செய்து ஒலிபரப்பினர். அதன் பயனாக, ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லைத் தஞ்சை உழவர் ‘ரேடியோ நெல்’ என்றே அழைக்கலாயினர்.

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இலங்கை வானொலிக்கு இருந்த செல்வாக்கை நம்முள் மூத்தோர் அறிவர். கடல் கடந்து வந்த குரல் வீட்டுக் குரலானது எவ்வாறு? விரும்பிய பாடலைக் கேட்டு அஞ்சலட்டை எழுதியவரின் பெயரும் ஊரும் அதில் வாசிக்கப்பட்டன. தம் பெயர் வருமென்று குடும்பமே வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து காத்திருந்தது. ஆசிய மக்களுக்கென மணிலாவிலிருந்து 1969இல் ஒலிக்கத் தொடங்கிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணிக்கும் நேயர் கடிதங்களே உரமாயின. 2018இல் அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்று, பணி இணையத்திற்கு மாறியது.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் 2020இல் நாம் தவறினோம். ஊரடங்கால் ஆலயங்கள் அடைபட்டன. மார்ச் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஆளற்ற பேதுரு சதுக்கத்தில் மழையினூடே செபித்ததை உலகம் கண்டது. நாமும் வெறுமையான ஆலயத்தில் கைப்பேசியின் முன் திருப்பலி நிறைவேற்றினோம். மறையுரையைத் தாளிலிருந்து படித்து முடித்தோம். அன்று மாலை ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்து, “பூசை பார்த்தோம் சாமி. ஆனா நீங்க எங்ககிட்டப் பேசலையே” என்றார்.

அச்சொல் நம்மைச் சுட்டது. மறு ஞாயிறன்று தாளை ஒதுக்கிவிட்டு, அவர் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணி அவரிடமே பேசினோம். மன்றாட்டில் நோயுற்றோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னோம். திருப்பலி முடிந்ததும், விடுபட்ட பெயர்களைச் சொல்லப் பலர் அழைத்தனர்.

இன்று ஆலயங்கள் திறந்துள்ளன. எனினும் முதுமையாலும் பிணியாலும் வர இயலாதோர் வீடுகளில் காத்திருக்கின்றனர். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். காணாத இடத்திலிருக்கும் ஆட்டிற்கும் அவ்வழைப்பு உரியதன்றோ?