மல்லைத் தூண்களும் மணிக்கட்டுக் கடிகாரங்களும்

பழைய திருமணப் புகைப்படம் ஒன்றில் ஆண்டு குறிக்கப்படாமல் இருக்கலாம். ஆயினும், மணமகனின் சட்டைக் கழுத்துப்பட்டையின் அகலமும், அவர் மணிக்கட்டில் விளங்கும் கடிகாரத்தின் வடிவமும் அந்த ஆண்டை ஏறக்குறையச் சொல்லிவிடும். பாணி ஒரு பேசாச் சாட்சி. தான் பிறந்த காலத்தைத் தானறியாமலே தன் மேனியில் எழுதி வைத்துக்கொள்கிறது. அவ்வாறாயின், இன்று நாம் விரும்பிக் கட்டும் கைக்கடிகாரங்களுள் எவை, இன்னும் ஐம்பது ஆண்டுகள் சென்றபின், 'அந்தக் காலத்துப் பொருள்' என்று பிறர் புன்னகைக்க இடமளிக்கும்? எவை அந்தப் புன்னகைக்குத் தப்பும்?

சிறு பொருளைப் பற்றிய சிறு கேள்வியாக இது தோன்றலாம். ஆனால் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிப்பது வரலாற்றாய்வின் முதன்மையான வழிகளுள் ஒன்று. அக்கலையைக் கற்பிக்கும் பாடசாலையும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்பவர் அப்பாடசாலையின் ஊடாகவே நடந்து செல்கிறார் எனலாம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில், கல்லறைக் கற்களிலேயே ஆண்டுகள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே காலத்தை அறிய எழுத்தைப் படித்தால் போதும். மாமல்லபுரத்துக் குடைவரைகளிலோ ஆண்டு இல்லை. கல்வெட்டு உள்ள இடங்களிலும் பெரும்பாலும் மன்னனின் பட்டப்பெயர்களே காணப்படுகின்றன. 'அத்தியந்தகாமன்' என்னும் பட்டம் எந்தப் பல்லவனைக் குறிக்கிறது என்பதிலேயே அறிஞர்கள் வேறுபட்டனர். எழுத்து மௌனம் சாதித்த இடத்தில் தூண்களைக் கேட்கவேண்டியதாயிற்று.

புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாறு கேட்டார். செங்கற்பட்டுக்கு அருகில் உள்ள வல்லம் குடைவரை, முதலாம் மகேந்திரவர்மனுக்கு அடங்கிய சிற்றரசனின் மகனான கந்தசேனன் செய்வித்தது. அங்குள்ள தூண்கள் பருமனானவை, அடியும் முடியும் சதுரம், நடுவில் எண்பட்டை, அவ்வளவே. மாமல்லபுரத்து வராக மண்டபத்திலும் மகிடாசுரமர்த்தினி மண்டபத்திலும் தூண்கள் மெலிகின்றன. அவற்றின் அடியில் சிங்கங்கள் வந்து அமர்கின்றன. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மனின் கடற்கரைக் கோயிலில் அச்சிங்கங்கள் எழுந்து நிற்கின்றன. மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி என்று பள்ளிப் பிள்ளைகளும் இன்று ஒப்பிக்கும் பகுப்பு, இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளிலிருந்து எழுந்ததே.

இத்தூண்கள் நமக்குச் சொல்லும் முதற்செய்தி இது: ஒரு காலம் தன் வல்லமையைக் காட்ட விரும்பிச் சேர்க்கும் அணியே, பின்னாளில் அதன் வயதை முதலில் காட்டிக்கொடுக்கிறது. எண்பட்டைத் தூண் மட்டும் கிடைத்திருந்தால் காலத்தைக் கணிப்பது கடினம். சிங்கம் வந்ததும் எளிதாகிவிடுகிறது.

இரண்டாவது செய்தியை இரதங்களில் காண்கிறோம். திரௌபதி இரதத்தின் கூரை, ஓலைக் குடிசையின் கூரை. பீம இரதத்தின் கூரை வண்டிக்கூடுபோல் வளைந்தது. மரமும் ஓலையும் கொண்டு கட்டிய வடிவங்களைச் சிற்பிகள் கருங்கல்லில் அப்படியே பெயர்த்தனர். கல்லுக்கு ஓலைக்கூரையின் சாய்வு தேவையில்லை. காண்பவரின் கண்ணுக்கு அது தேவையாயிருந்தது. பொருள் புதிதாக மாறும்போதும், மனிதர் பழகிய வடிவம் எளிதில் மாறுவதில்லை.

இவ்விரு செய்திகளையும் கையில் கொண்டு கடிகாரத்துக்கு வருவோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஆடவர்க்குரிய கடிகாரம் பையிலோ இடுப்பிலோ இருந்தது. காந்தியடிகள் இடுப்பில் தொங்கவிட்டிருந்ததும் அத்தகையதே. மணிக்கட்டில் கட்டுவதைப் பெண்டிரின் அணிகலனாகக் கருதினர். முதல் உலகப் போரில், பதுங்குகுழியில் இருந்த வீரனுக்குப் பையைத் துழாவ நேரமில்லாத நிலை அந்த எண்ணத்தை மாற்றியது. ஆனால் மணிக்கட்டுக்கு ஏறிய பின்னும் கடிகாரம் தன் பழைய வட்ட முகத்தையும் முட்களையும் விட்டுவிடவில்லை. ஓலைக்கூரை கல்லில் நிலைத்தது போன்ற நிகழ்ச்சி இது.

இந்தியாவில் கைக்கடிகாரத்தைப் பொதுமக்களின் பொருளாக்கியது எச்.எம்.டி. நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961-இல் பெங்களூரில் அதன் கடிகார ஆலை தோன்றியது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய 'ஜனதா' என்னும் அதன் கடிகாரம், ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் அகலமே உடையது. வெண்ணிற முகப்பு, தெளிவான எண்கள், மெல்லிய முட்கள். வேறு ஆடம்பரம் இல்லை. தேர்வில் வென்ற மகனுக்கும், பெண் கொடுத்த மாப்பிள்ளைக்கும், ஓய்வு பெறும் ஆசிரியருக்கும் நம் நாட்டில் அளிக்கப்பட்ட பரிசு அது.

அதற்குள் உலகம் வேறு திசையில் திரும்பியிருந்தது. 1969 டிசம்பர் 25-இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கும் கடிகாரத்தின் இதயம் நொடிக்கு 5 முதல் 8 முறை துடிக்கும். பின்னாளில் எங்கும் பரவிய குவார்ட்ஸ் படிகமோ நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. துல்லியத்தில் இரண்டுக்கும் ஒப்பில்லை. ஆயினும் அஸ்ட்ரானின் முகம், அதற்கு முந்தைய கடிகாரங்களின் முகமாகவே இருந்தது. உள்ளே புரட்சி, வெளியே பழைய மரபு.

1972-இல் அமெரிக்காவில் ஹாமில்டன் நிறுவனம் வெளியிட்ட 'பல்சர்' அந்த மரபை உடைத்தது. அதில் முள் இல்லை. இருண்ட கண்ணாடி மட்டுமே உண்டு. பொத்தானை அழுத்தினால் சிவப்பு எண்கள் ஒளிரும். மின்கலம் தீர்ந்துவிடும் என்பதால் எண்கள் உடனே அணைந்துவிடும். ஆகவே மணி பார்க்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. 18 காரட் பொன்னால் ஆன முதற் பல்சரின் விலை 2,100 டாலர். எதிர்காலமே மணிக்கட்டில் வந்து அமர்ந்துவிட்டது என்று மக்கள் வியந்தனர். நான்கே ஆண்டுகளில், 1976-இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அதே சிவப்பு எண்களைப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்து 20 டாலருக்கு விற்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிவப்பு எண்கள் சந்தையிலிருந்து மறைந்தன. இன்று அந்தக் கடிகாரத்தைக் காண்பவர் ஐயமின்றி '1970கள்' என்பார். தூணடிச் சிங்கத்தைக் கண்டவுடன் அறிஞர் மாமல்லனை நினைப்பதைப்போல.

எதிர்காலத்தின் தோற்றம் என்று ஒரு காலம் எதைக் கொண்டாடுகிறதோ, அதுவே விரைவில் மூப்படைகிறது. காரணம் எளிது. 'என்னால் இது இயலும்' என்று பறைசாற்றுவதே அதன் அழகு. அந்த ஆற்றல் கடைத்தெரு எங்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், பறை ஒலிக்கிறது, கேட்பார் இல்லை.

இதே வரலாறு நம் கண்முன் இரண்டாம் முறையும் நிகழ்ந்துள்ளது. 2015-இல் ஆப்பிள் நிறுவனம் தன் முதல் ஸ்மார்ட் வாட்சை வெளியிட்டபோது, 18 காரட் பொன்னில் ஒரு வகையையும் விற்றது. விலை 10,000 டாலர் முதல் 17,000 டாலர் வரை. 2018-இல் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறையை ஏற்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் பொன் எஞ்சியது. கடிகாரம் முதுமை எய்தியது. அதன் திரையில் மக்கள் விரும்பித் தேர்ந்த முகப்புகளுள் பல, வட்டமும் முட்களும் கொண்டவையே என்பதையும் கருதவேண்டும். கண்ணாடிக்குள் ஓலைக்கூரை!

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பயன் முடிவது வேறு. பாணி முடிவது வேறு. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் முவக்கித்தாகப் பணிபுரிந்த வானியல் அறிஞர் இப்னு ஷாதிர், 1371-இல் அங்கே ஒரு நிழற்கடிகாரம் அமைத்தார். இன்று அந்தப் பள்ளிவாசலில் எவரும் நிழல் பார்த்து பாங்கு சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பளிங்கில் அவர் வரைந்த கோடுகளைப் பழம்பாணி என்று எவரும் நகைப்பதில்லை. அக்கோடுகளுள் ஒன்றேனும் அலங்காரத்துக்காக வந்ததன்று. ஒவ்வொன்றும் ஒரு நேரத்தைச் சொல்ல வந்தது. தேவையிலிருந்து பிறந்த வடிவத்துக்கு வயது ஏறுகிறது; மூப்பு ஏறுவதில்லை.

சிங்கத் தூண்களைக் கொண்டு காலம் சொல்வது எப்போதும் பிழையற்றது என்றும் நாம் செருக்குற வேண்டாம். 1962-இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, மாமல்லபுரத்தின் பல பாணிகளையும் இராசசிம்மன் ஒருவனே கையாண்டிருக்கலாம், எல்லாம் அவன் காலத்தனவே என்று வாதிட்டார். அனைவரும் அதை ஏற்கவில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கையாக அது நிலைத்துவிட்டது. ஒரே காலத்தில் பல பாணிகள் அருகருகே வாழக்கூடும். நம் கடிகார வரலாறே அதற்குச் சான்று. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரிலிருந்து மெல்லிய குவார்ட்ஸ் கடிகாரங்களை அனுப்பத் தொடங்கிய அந்தப் பத்தாண்டில், செங்கற்பட்டுச் சந்திப்பின் நடைமேடையில் நின்றவர்களின் கைகளை எண்ணிப் பாருங்கள். எழுத்தரின் கையில் ஜனதா. புதுமாப்பிள்ளையின் கையில் டைட்டன். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவரின் கையில் சீக்கோ. அவர் தம்பியின் கையில் கேசியோ. பிற்கால ஆய்வாளர் இவற்றை நான்கு காலங்கள் என்று பிரித்தால், அவர் தவறிவிடுவார்.

இந்த அடக்கத்தோடு எதிர்காலத்தைச் சற்றே கணிப்போம்.

முதலில் மூப்படைபவை, மணிக்கட்டை மறைத்து நிற்கும் பெருங்கடிகாரங்கள். இந்நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் 44, 46 மில்லிமீட்டர் என்று அவை வளர்ந்தன. இப்போதே அளவுகள் மீண்டும் சுருங்கத் தொடங்கிவிட்டன. அடுத்தவை, ஒரே முகப்பில் மூன்று நான்கு சிறு வட்டங்களைத் திணித்தவை. மலிவான சிலவற்றில் அவ்வட்டங்கள் வெறும் அச்சு. அவற்றின் முள் நகர்வதே இல்லை. மூன்றாவது, சுவிஸ் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜெண்டா வரைந்து 1972-இல் வெளிவந்த 'ராயல் ஓக்' கடிகாரத்தைப் பின்பற்றி, உடலும் உலோகச் செயினும் ஒன்றாய் இணைந்து வரும் எண்ணற்ற நகல்கள். மூலம் நிலைக்கலாம்; நகல்களின் கூட்டம் 2020களின் முத்திரையாகிவிடும். நான்காவது, கறுப்புக் கண்ணாடிச் சதுரமாய் விளங்கும் ஸ்மார்ட் வாட்ச். உடல்நலம் காப்பது முதலான அதன் பயன்கள் மெய்யானவை. அவை மேலும் வளரும். ஆனால் இன்றைய அதன் உருவம், பல்சரின் வழியே செல்லும்.

தப்புபவை எவை? ஒரு கணம் நோக்கினால் மணி தெரியும் எளிய வட்ட முகம் தப்பும். முள் இல்லாதவை எல்லாம் வீழும் என்றும் சொல்வதற்கில்லை. 1989-இல் வந்த கேசியோவின் எப்-91டபிள்யூ, ஏறக்குறைய மாற்றமின்றி இன்றும் விற்பனையாகிறது. எண்களையே காட்டினும், அது தற்பெருமை பேசாத கடிகாரம். மெலிந்தது, மலிவானது, மணியைச் சொல்வது.

மூப்படைந்த பாணிகளும் முற்றிலும் மாய்வதில்லை. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்வி நிலையம் நடைபெறுகிறது. உளியோசை இன்றும் கேட்கும் அவ்வூர்த் தெருக்களில் பல்லவச் சிங்கங்கள் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவ்வாறே, 2016-இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவு செய்த காலத்தில், தாத்தாவின் பெட்டியில் உறங்கிய ஜனதாவை இளைஞர்கள் தேடி எடுத்துக் கட்டத் தொடங்கினர். கேலிக்கு உள்ளான பொருள், காலத்தைக் கடந்ததும் மதிப்பைப் பெற்றது.

ஆனால் அந்த மறுபிறவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருள் மீண்டும் இயங்கவேண்டும். நாற்பது ஆண்டு உறங்கிய ஜனதாவைத் திறந்து, தூசு நீக்கி, எண்ணெயிட்டால் அது ஓடும். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு அப்பணியைச் செய்பவர்கள் நம் சிற்றூர்க் கடைத்தெருக்களில் அருகி வருகின்றனர். மின்கலமும் மென்பொருளும் அடங்கிவிட்ட ஸ்மார்ட் வாட்சையோ அவர்களாலும் எழுப்ப இயலாது. அது பழம்பாணியாகும் பேற்றைக்கூட இழந்து, குப்பையாகிவிடும். வல்லத்துத் தூண் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கூரையைத் தாங்கி நிற்பதால்தான் அதன் பாணியைப் பற்றி நாம் வாதிட முடிகிறது.

ஆகவே, மணமகனுக்குக் கடிகாரம் வாங்கும் பெரியவர்கள் விலையையும் வனப்பையும் பார்ப்பதோடு, கடைக்காரரிடம் மற்றொன்றையும் கேட்பது நல்லது: 'இந்த மாப்பிள்ளையின் பேரன் கையில் இது ஓடுமா?' அதற்கு 'ஓடும்' என்று விடை வருமாயின், அதன் பாணி பழையதாகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. பழையதாகும் அளவுக்கு அது வாழ்ந்திருக்கும்.