டிரெத்தவே, நடாஷா (1966 – )

அமெரிக்கக் கவிஞர், பேராசிரியர். புலிட்சர் பரிசு பெற்றவர். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவின் அரசவைக் கவிஞர். நினைவுச் சின்னம் எழுப்பப்படாத மனிதர்களுக்குக் கவிதையில் இடம் தந்தது இவருடைய பெரும்பணி.

இளமை: மிசிசிப்பி மாநிலத்தின் கல்ப்போர்ட் நகரில் 1966 ஏப்ரல் 26 அன்று பிறந்தார். தாய் கறுப்பினத்தவர்; தந்தை எரிக் டிரெத்தவே கனடாவில் பிறந்த வெள்ளையர், அவரும் கவிஞர். மிசிசிப்பியில் கலப்பு மணம் அப்போது குற்றம். அதனால் பெற்றோர் ஒகையோ மாநிலத்துக்குச் சென்று மணந்துகொண்டனர். இத்தகைய சட்டங்கள் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967இல்தான். பின்னர் பெற்றோர் பிரிந்தனர். 1985இல், இவர் 19 வயதுக் கல்லூரி மாணவியாக இருந்தபோது, தாயை அவருடைய இரண்டாம் கணவன், மணவிலக்குக்குப் பிறகு, சுட்டுக் கொன்றான். அந்த இழப்பே இவரை எழுத்தின் பக்கம் திருப்பியது. ஜார்ஜியா, ஹாலின்ஸ், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகங்களில் பயின்றார்.

படைப்புகள்: முதல் தொகுப்பான ‘டொமஸ்டிக் வொர்க்’ (2000), கவிஞர் ரீட்டா டவ் தேர்ந்தெடுக்க, முதலாவது கேவ் கேனம் பரிசைப் பெற்றது. ‘பெல்லாக்ஸ் ஒஃபீலியா’ (2002) நியூ ஆர்லியன்ஸ் பரத்தையர் விடுதிகளின் பழைய புகைப்படங்களிலிருந்து பிறந்தது.

2007இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘நேட்டிவ் கார்ட்’ (2006) இவருடைய முதன்மையான நூல். உள்நாட்டுப் போரின்போது, கல்ப்போர்ட்டை அடுத்த ஷிப் தீவில் தென்மாநிலப் போர்க்கைதிகளைக் காவல் காத்தவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். பலர் முன்னாள் அடிமைகள். தீவின் கோட்டையில் கைதிகளான வெள்ளை வீரர்களுக்குப் பெயர்ப் பலகை இருந்தது; காவலர்களுக்கு எதுவுமில்லை. தலைப்புக் கவிதையில் அவர்களுள் ஒருவன் பேசுகிறான். எதிரியின் வீட்டில் கிடைத்த நாட்குறிப்பில், ஏற்கெனவே எழுதப்பட்ட வரிகளின் குறுக்கே, தன் வாழ்வை எழுதுகிறான். எழுதத் தெரியாத கைதிகளுக்குக் கடிதமும் எழுதித் தருகிறான். பத்து சானெட்டுகள் அந்தாதியாகத் தொடர்ந்து மண்டலித்து முடிகின்றன. தாய்க்கான இரங்கற்பாக்களும் இதே நூலில் உள்ளன.

பணி: ஆபர்ன், எமரி பல்கலைக்கழகங்களில் கற்பித்தார், 2017 முதல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அரசவைக் கவிஞராக நாடாளுமன்ற நூலகத்தில் அமர்ந்து பொதுமக்களைச் சந்தித்தார். பொதுத் தொலைக்காட்சிக்காகப் பள்ளிகள், மறதிநோயாளர் இல்லங்கள், சிறார் தடுப்பு மையங்களுக்குச் சென்று, அங்கெல்லாம் கவிதை என்ன செய்கிறது என்பதை எடுத்துரைத்தார்.

தன்வரலாறான ‘மெமோரியல் டிரைவ்’ (2020) தாயின் கொலையை நேராக எதிர்கொள்கிறது. தாய் தம் கைப்பட எழுதிய குறிப்புகளும், கொலைக்கு முன் பதிவான தொலைபேசி உரையாடல்களும் இதில் இடம்பெறுகின்றன. கறுப்பின வீரர்களுக்குச் செய்த அதே பணியை இந்நூலில் தாய்க்குச் செய்தார்: கொலையுண்டவராக மட்டும் அறியப்பட்டவரைத் தம் சொல்லாலேயே பேசவைத்தார்.