தராசின் சாட்சி

சித்திரை மாதத்தில் தல்லாகுளத்தில் நின்று பார்த்தால், அழகரைச் சேவிக்க வந்த கூட்டத்துக்கு மேலே இன்னொரு கூட்டம் தெரியும். தகப்பன்மார் தோள்களில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் கூட்டம் அது. அவற்றில் ஒன்று சற்றுக் கொழுகொழுவென்று இருந்துவிட்டால் போதும். பக்கத்தில் நிற்கும் கிழவி அதன் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள். "பிள்ளையை மறைச்சுத் தூக்குப்பா, கண்ணு பட்டுரும்" என்று தகப்பனுக்குப் புத்தியும் சொல்லுவாள். பிள்ளையைக் கண்ணால் அளப்பதே ஆகாது என்று நினைக்கிற சீமையில், அதைத் தராசில் போட்டு நிறுப்பதென்றால் கேட்கவா வேண்டும்?

ஆனால் அந்தக் காரியம் இந்தச் சீமையில்தான் தொடங்கியது. மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில், மேலூருக்கு அப்பால் இருக்கிறது கொட்டாம்பட்டி. 1980-ஆம் ஆண்டில், உலக வங்கியின் கடனுதவியோடு உருவான தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலாகக் கால் ஊன்றியது அந்த வட்டாரத்தில்தான். பிறகு அது வேறு பல மாவட்டங்களுக்கும் பரவியது.

குழந்தைகளுக்குச் சோறு போடுவது நமக்குப் புதிதல்ல. காமராஜர் காலத்துப் பள்ளிகளிலேயே மதிய உணவு உண்டு. ஆனால் தர்மத்தின் கணக்கை நாம் எழுதிவந்த விதத்தில் ஒரு குறை இருந்தது. கலியாண வீட்டுச் சமையற்காரரிடம் விருந்து எப்படி என்று கேட்டால், எத்தனை இலை விழுந்தது என்று சொல்லுவார். யார் வயிறு நிறைந்தது, யார் பாதியில் எழுந்தார் என்பது அவர் கணக்கில் வராது. அரசாங்கத்தின் கணக்கும் அப்படித்தான். இத்தனை மூட்டை அரிசி, இத்தனை ரூபாய், இத்தனை குழந்தைகள். குழந்தை வளர்ந்ததா என்ற கேள்விக்கு அதில் ஒரு பத்தி கிடையாது.

கொட்டாம்பட்டியில் அந்தப் பத்தி போடப்பட்டது. பணிக்கு வெளியூர்ப் படிப்பாளிகளைத் தேடவில்லை. அந்தந்த ஊர்ப் பெண்ணையே எடுத்தார்கள். ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நோஞ்சானாக விடாமல் வளர்த்த தாயாக அவள் இருந்தால் விசேஷம். வறுமையிலும் வளர்க்கலாம் என்பதற்கு அவளைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை அவள் மாதம் ஒருமுறை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைப்பாள். மாதங்கள் செல்லச் செல்லப் புள்ளிகள் கோடாகும். கோடு மேலே ஏறினால் குழந்தை வளர்கிறது. படுத்துவிட்டால் ஆபத்து.

இப்படிப்பட்ட அட்டைக்கு வழிகாட்டியவர் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேய மருத்துவர். 1950-களின் பிற்பகுதியில், நைஜீரியாவில் இமேசி-இலே என்ற கிராமத்தில் வேலை பார்த்தபோது அவர் அதை உருவாக்கினார். தினமும் பார்க்கிற தாயின் கண்ணுக்குப் பிள்ளை தேய்வது தெரியாது. தெருவில் உள்ள பிள்ளைகளெல்லாம் அப்படியே இருந்துவிட்டால் மெலிவுதான் இயல்பு என்று தோன்றிவிடும். கண்ணுக்குத் தெரியாததைக் கோடு காட்டிக்கொடுத்தது.

இந்தத் திட்டத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் எப்போதும் உணவு கொடுக்கவில்லை. எடை ஏறாத குழந்தைக்கும், மிகவும் மெலிந்துபோன குழந்தைக்கும் மட்டும் சத்துமாவு உருண்டை, 90 நாட்களுக்கு. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். தேறாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். எண்ணை எழுதிய கையே உருண்டையையும் கொடுத்தது. புள்ளிவிவரம் என்றால் தலைநகரத்துக்குப் போய் அலமாரியில் தூங்குவது என்றுதானே நமக்குப் பழக்கம்? இங்கே அது எழுதிய இடத்திலேயே, எழுதிய நாளிலேயே வேலை செய்தது.

பலன் என்ன? மிகக் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீட்டாளர்கள் கண்டார்கள். நடுத்தரமான ஊட்டக்குறைவு அந்த அளவுக்கு அசையவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் தொடங்கி, கிராமங்களில் 2 வயதுக் குழந்தைக்கும் சோறு கிடைத்தது. குழந்தை தேறியது உருண்டையாலா, சோற்றாலா? பெற்றவளுக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. கணக்குப் பார்ப்பவருக்குத் தேவை. நல்லது நடந்தது என்று சொல்வது எளிது, எதனால் நடந்தது என்று சொல்வது கடினம் என்பதை மதுரைப் பக்கத்துத் தராசு நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

இன்னும் ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. தராசுக்கு வந்த பிள்ளையைத்தான் தராசு அறியும். களையெடுக்கப் போன தாயின் முதுகோடு போய்விட்ட பிள்ளை, நோயில் கிடந்ததால் தூக்கிவரப்படாத பிள்ளை, கண் பட்டுவிடுமென்று பாட்டி ஒளித்துவைத்த பிள்ளை, இவர்களுடைய புள்ளி அட்டையில் விழாது. அவர்கள் வராததாலேயே சராசரி அழகாகத் தெரியவும் கூடும்! அதிகாரியின் முகம் கோணக்கூடாது என்று அஞ்சி, கை கூசாமல் எடையைக் கூட்டி எழுதினாலும் காகிதம் எதிர்த்துப் பேசப்போவதில்லை. ஆகவே, அட்டையில் இருக்கும் எண்களைவிட, அட்டையில் இல்லாத பெயர்களைத் தேடி வீடுவீடாக ஏறி இறங்கிய பெண்களே இந்த வரலாற்றில் பெரியவர்கள் என்று நினைக்கிறேன்.

திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1997-ல் முடிந்தது. நிறுக்கும் வழக்கம் நிற்கவில்லை. இன்று அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் எடையைக் கைப்பேசியில் பதிகிறார். 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலி அதை டெல்லி வரை கொண்டுபோகிறது. எண் விரைவாகப் பயணம் செய்கிறது, சந்தோஷம். ஆனால் டெல்லிக்குப் போன அந்த எண், மெலிந்த பிள்ளையின் வாசலுக்கு ஒரு கவளமாகத் திரும்பி வந்ததா? நலத்திட்டம் எதுவானாலும் அதனிடம் நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். கொட்டாம்பட்டியில் எழுதப்படிக்கத் தெரியாத தாய்மார்கூட, அட்டையில் தங்கள் பிள்ளையின் கோடு போகும் திசையைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. படித்த நமக்கு அது முடியாமற் போகலாமா?