எஞ்சினில் படியும் கரி

மோட்டார் எஞ்சினுக்குள் கரி படிவது அதன் பிறவிக் குணம். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் சிலிண்டரின் தலையைக் கழற்ற முடிந்தது. திறந்து, கரியைச் சுரண்டி, மறுபடி பூட்டிவிடலாம். பிற்பாடு அந்த வேலையைப் பெட்ரோலில் கலக்கும் மருந்துகள் ஏற்றுக்கொண்டன. பெட்ரோல் உள்வால்வைத் தொட்டுக்கொண்டு போகும். மருந்தும் கூடவே போய் அழுக்கைக் கழுவும். அமெரிக்காவில் 1995 முதல் பெட்ரோலில் இம்மருந்து கட்டாயமாயிற்று.

ஆனால் எஞ்சின் செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களைப் பெருக்கினார்கள். பெட்ரோல் சிக்கனந்தான், உள்வால்வுக்கோ ஸ்நானமே இல்லாமற்போயிற்று! அத்தகைய கார்களில், டாங்கியில் எத்தனை புட்டி மருந்தை ஊற்றினாலும் அது பீய்ச்சுகுழலையும் எரியறையையுமே எட்டும். வால்வில் இறுகிய கரிக்கு, அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்து உதிர்க்கிறார்கள், பட்டறையில்.