கத்தி தொடும் முன்னே ஒரு கணக்கு



நம் பள்ளத்தூரில் பெண்ணுக்குச் சாமான் பரப்பும்போது எவர்சில்வர் பாத்திரங்கள் வரிசையாக மின்னுமே, அவற்றில் பெரும்பாலானவை முதலில் தட்டையான வட்டத் தகடுகள். அதற்கும் முன்னே, பாய்போல் சுருட்டிய காயில். காயிலை நீளவாக்கில் பட்டைகளாக வெட்டுவதை ஸ்லிட்டிங் என்பார்கள்.

நோட்டை எடுங்கள். ஓரம் கழித்து 1240 மி.மீ. அகலமுள்ள காயில்கள். 500 மி.மீ. பட்டை இரண்டு, 370 மி.மீ. பட்டை நான்கு வேண்டும். எல்லாம் காயிலின் முழு நீளத்துக்கு. பெரியதை முதலில் வெட்டத்தான் கை போகும். ஒரு காயிலில் 500 இரண்டு வெட்டினால் 240 மிச்சம், எதற்கும் உதவாது. அடுத்ததில் 370 மூன்று. நான்காவதற்கு மூன்றாம் காயிலையும் பிரிக்க வேண்டும். மாறாக ஒவ்வொன்றிலும் 500, 370, 370 என்று வெட்டிப் பாருங்கள். கூட்டினால் சரியாக 1240. இரண்டே காயில் போதும்!

இங்கே இரண்டே அளவு. ஆலையில் பல அளவுகள் சேரும்போது மனக்கணக்கு தோற்றுவிடும். இதற்கு முறை கண்டவர்களில் முன்னோடி, லெனின்கிராடின் கணித அறிஞர் கண்டரோவிச். எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் கொடுப்பது என்று பிளைவுட் தொழில்காரர்கள் அவரிடம் கேட்டார்கள். அதிலிருந்து கிளைத்த முறையை 1939-இல் சிறு நூலாக வெளியிட்டார். பொருளை வீணாக்காமல் வெட்டுவதும் அதில் ஒரு கணக்கு.

1940களின் கடைசியில் அங்கே ஒரு ரயில் பெட்டித் தொழிற்சாலை அப்படியே தகடு வெட்டியது. கழிவு குறைந்தது. வந்தது வினை! இவ்வளவு கழிவு இரும்பு தர வேண்டும் என்று அரசு விதித்த அளவை அவர்களால் எட்ட முடியவில்லை. மிச்சப்படுத்தியவர்களுக்குக் கிடைத்தது கண்டனம். கண்டரோவிச்சுக்கு நோபல் பரிசு வர 1975 ஆயிற்று. அதற்குள், 1961-இல், அமெரிக்காவில் கில்மோரும் கோமரியும் இதே கணக்கைக் கணினிக்கு ஏற்ற வழியில் செய்து காட்டிவிட்டார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். சேலம் உருக்காலையில் 1981-இல் உற்பத்தி தொடங்கியது. பெயர்தான் உருக்காலை, 2010 வாக்கில் விரிவாக்கம் முடியும்வரை அங்கே எஃகு உருக்கும் பிரிவு கிடையாது. வெட்டி விழுந்த துண்டை அங்கேயே உருக்கித் தகடாக்க வழியில்லை. 1993-இல் நாணயத்துக்கான வட்டத் தகடு வெட்டும் பிரிவும் அங்கு வந்தது.

1992-இல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாயின் விட்டம் 25 மி.மீ. இத்தகைய வட்டங்களை நேருக்கு நேராக இரண்டு வரிசை வைத்தால், வெட்டு இடைவெளி நீங்கலாக, பட்டை 50 மி.மீ. அகலம் வேண்டும். இரண்டாம் வரிசையை அரை வட்டம் நகர்த்தி, பள்ளத்தில் பொருந்த வைத்தால் 46.65 போதும். பிதாகரஸ் தேற்றம் மறக்காதவர்கள் கருத்துப் பெட்டியில் நிரூபியுங்கள், பார்க்கலாம்.